எலும்பின் வெள்ளையில் ஒளியும் ரத்தம்

குலசேகரம் பக்கம் தேங்காய் வெட்ட ஏறியவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று வையுங்கள். தலையில் அடி, ஆனால் பேசுகிறார். பக்கத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்தப் பெரிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் படமெடுத்து, ஆசாரிப்பள்ளத்திலோ திருவனந்தபுரத்திலோ உள்ள தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அனுப்பும் வழியில் ஒன்று தொலைந்துபோகிறது.

சி.டி. கருவி எடுப்பது போட்டோ அல்ல, எண்கள். தலையைச் சுற்றி எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, உள்ளே ஒவ்வொரு புள்ளியும் அதை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிடுகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000. மூளைக்குச் சுமார் 25 முதல் 40. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60, 70 என்று நிற்கும். மண்டையோடு பல நூறைத் தாண்டும். இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு என்று பெயர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த கருவி காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கியது.

மொத்தம் ஏறத்தாழ 4,000 படிகள். இத்தனை சாம்பல் நிறங்களை நம் கண் பிரித்தறியாது. அதனால் 0 முதல் 80 வரை உள்ளதை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டுவார்கள். 80-க்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை. இதற்கு 'விண்டோ' என்று பெயர். மூளையைப் பார்க்க இது அருமை. ஆனால் மண்டையோட்டின் உட்புறம் ஒட்டி, பாலாடை போல மெல்லிசாக ரத்தம் படிந்திருந்தால்? எலும்பும் வெள்ளை, ரத்தமும் கிட்டத்தட்ட வெள்ளை. அந்த இடத்தில் எலும்பு கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான் என்று தோன்றும்.

கணினித் திரையில் பார்க்கிற டாக்டர் மவுஸை இழுத்து விண்டோவை -30 முதல் 170 வரை அகட்டுவார். எலும்பு வெள்ளையாகவே நிற்க, ரத்தம் சாம்பலுக்கு இறங்கிவிடும். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

பிலிமில் அச்சாகிவிட்டால் இந்த வசதி போச்சு. செல்போன் படத்தில் டியூப்லைட் பளபளப்பு வேறு. விரலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ரத்தம் எலும்பை விட்டுப் பிரியாது.

எண்களிலேயே இல்லாததை எந்த விண்டோவும் காட்டாது, அதுவும் உண்மை. ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சாதாரண சி.டி. படம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கலாம்.

சரி, அந்த எண்கள் எங்கே? பல இடங்களில் பிலிமோடு ஒரு சி.டி.யும் தருவார்கள் (ஸ்கேன் சி.டி. வேறு, இது வட்டத் தட்டு). டைகாம் என்ற வடிவில் எல்லாம் அதில் இருக்கும். ஆம்புலன்ஸ் வந்த பரபரப்பில் பிலிம் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுவோம். தட்டு மேசையிலேயே கிடக்கும்.