தரவு இல்லை என்ற பதிலும் இழப்பீட்டு மனுவும்

2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட எழுத்துமூலப் பதில் ஒன்றை, தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். பொதுமுடக்கக் காலத்தில் ஊர் திரும்பும் வழியில் புலம்பெயர் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தது அரசுக்குத் தெரியுமா, அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று அப்போதைய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சந்தோஷ் குமார் கங்வார் பதில் அளித்தார். ஒரு கோடியே 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கு அவருடைய அமைச்சகத்திடம் இருந்தது. அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து படுத்திருந்த 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறிய செய்தியும் மே மாதமே நாடு முழுவதும் தெரிந்திருந்தது.

அந்தத் தரவு இருந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்குச் சட்டத்திலேயே ஆதாரம் இருந்தது. 1979 ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டப்படி, ஆள் திரட்டிக் கொண்டுவரும் ஒப்பந்ததாரர் ஒவ்வொரு தொழிலாளியின் விவரத்தையும் 15 நாட்களுக்குள் சொந்த மாநிலம், வேலை செய்யும் மாநிலம் இரண்டிலும் உள்ள அதிகாரிகளுக்குத் தர வேண்டியிருந்தது; புகைப்படம் ஒட்டிய கையேடு ஒன்றைத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டியிருந்தது; மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே, தரவு பராமரிக்கப்படவில்லை என்ற வாசகம், இயற்றப்பட்டு 41 ஆண்டுகள் ஆன ஒரு சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டது என்பதை அவையிலேயே ஒப்புக்கொண்டதாகும். ஊர் திரும்பும் வழியில் நேர்ந்த எல்லா மரணங்களும் 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்ற வினாவை அந்தக் குடும்பங்களும் கடந்தாக வேண்டியிருந்திருக்கும். ஆனால் அந்த வினாவை யார் முன் வைப்பது என்று தெரிவதற்கே, இறந்தவர் யாரிடம் வேலை செய்தார் என்ற பதிவு வேண்டும்.

அந்தப் பதிவு இல்லாதபோது ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 2019 நவம்பரில் கோவைக்கு அருகில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து, ஒடிசாவைச் சேர்ந்த 30 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். பிரேதப் பரிசோதனை முடிந்த அன்றே ஒப்பந்ததாரர் அவருடைய அண்ணனிடம் 40,000 ரூபாயைக் கொடுத்து, வெற்றுத்தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வாடகையையும் கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார். மரண வழக்கில் இழப்பீட்டை, இந்த மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்பதும், குடும்பத்தாரிடம் நேரடியாகக் கொடுக்கும் தொகை, ஓரளவு முன்பணம் நீங்கலாக, இழப்பீடாகக் கருதப்படாது என்பதும், உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்பதும் அந்த அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்களில் ஒருவராவது இப்படியொரு குடும்பத்துக்கு அந்த நேரத்தில் இதைச் சொல்ல நேர்ந்தால், இதை எழுதிய பயன் கிடைத்துவிடும்.

நாங்கள் மனு தாக்கல் செய்தபோது, அவரை யாரென்றே தெரியாது என்று கட்டட உரிமையாளர் எதிர்மனு போட்டார். உறவினரைப் பார்க்க வந்த இடத்தில் இறந்துவிட்டார் என்று ஒப்பந்ததாரர் சொன்னார். வருகைப் பதிவேடு இல்லை, கையேடு இல்லை. எங்களுக்குக் கிடைத்தது மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டு ஒன்றுதான். சிமெண்ட் படிந்து விறைத்துப்போன அதன் தாள்களில், இறந்தவரின் பெயர் தமிழில் பாதி தவறாக எழுதப்பட்டிருந்தது. முழுநாளுக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு, ‘அட்வான்ஸ் 500’ என்று வாரம் ஒரு குறிப்பு. கைபேசி வழியாக வந்த கூலித் தொகைகளின் தேதிகள் அந்தக் குறிப்புகளோடு ஒத்துப்போனதால் வழக்கு நின்றது. ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்கு வந்தவருக்கும் முதன்மை வேலையளிப்பவரே, இங்கே கட்டட உரிமையாளரே, பொறுப்பு என்ற 1923 சட்டத்தின் 12 ஆம் பிரிவு அதன் பிறகுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

நாடாளுமன்றத்துக்கு வருகிறேன். கங்வாரின் பதில் வந்த கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கைவிடப்பட்டிருந்தது. நட்சத்திரக் குறியிடாத கேள்விகளுக்கு எழுத்துமூலப் பதில் மட்டுமே கிடைத்தது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இருந்திருந்தால், 1979 சட்டப்படி தரப்பட வேண்டிய விவரங்கள் எங்கே என்று உறுப்பினர் ஒருவர் எழுந்து துணைக் கேள்வி கேட்டிருக்கலாம், அமைச்சர் அவையிலேயே விடை சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். அதே கூட்டத்தொடரில், செப்டம்பர் 9 வரை சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்ததாக மாநிலக் காவல் துறைகளிடமிருந்து பெற்ற தகவலை ரயில்வே அமைச்சர் மாநிலங்களவையில் தெரிவித்தார். கேட்டுப் பெறக்கூடிய தகவல் காவல் நிலையங்களில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அமைச்சர்களின் சொற்களிலும் வேறுபாடு உண்டு. தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும் என்று ஓர் அமைச்சர் சொன்னால், அது அரசின் உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். உறுதிமொழிகளுக்கான குழு அதைத் தொடர்ந்து கேட்கும். பராமரிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டால் அங்கேயே கதவு சாத்தப்படுகிறது. ஆகவே, அரசுக்குத் தெரியுமா என்று கேட்பதைவிட, சட்டம் பராமரிக்கச் சொல்லும் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் பயன் தரும் என்பது என் கருத்து.

இழப்பீட்டுத் தொகையைப் பற்றியும் அவையில் கேட்க வேண்டியது உண்டு. கோவை வழக்கில் இறந்தவரின் நாள் கூலி 550 ரூபாய். மாதம் 26 நாள் என்று வைத்தால் 14,300 ரூபாய். ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்துக்கு 2010 இல் வைத்த 8,000 ரூபாய் உச்சவரம்பு 2020 ஜனவரி 3 அன்றுதான் 15,000 ஆனது. ஊதியத்தில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் 30 வயதுக்குரிய காரணியான 207.98 ஆல் பெருக்கியபோது அந்தக் குடும்பத்துக்கு வந்தது 8,31,920 ரூபாய். அதே சாரம் இரண்டு மாதம் கழித்துச் சரிந்திருந்தால் 14,87,057 ரூபாய் வந்திருக்கும். இந்த வரம்பை உயர்த்தச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை, மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று போதும். அந்த அறிவிக்கைக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்கள் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஏற்றுக்கொள்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவுத் தளத்தில் கோடிக்கணக்கானோர் பதிந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே தொழிலாளி தன்னைத்தானே பதிந்துகொள்கிறார். சாரம் சரிந்த அன்று அவரை வேலைக்கு வைத்திருந்தவர் யார் என்பதை அங்கே கிடைக்கும் அட்டை நிறுவாது.

வேலையிட மரணம் குறித்து வேலையளிப்பவர்களிடமிருந்து சென்ற ஆண்டு வந்த அறிக்கைகள் மாநிலவாரியாக எத்தனை, அவற்றில் இழப்பீடு செலுத்தப்பட்டவை எத்தனை, மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையில் உள்ள மனுக்கள் எத்தனை, ஊதிய உச்சவரம்பு கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்யப்பட்டது என்று நான்கு உட்பிரிவுகள் கொண்ட கேள்வி ஒன்றை எழுதித் தொழிற்சங்க நண்பர்களிடம் கொடுத்திருக்கிறேன். 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், அடுத்த கூட்டத்தொடரின் தேதி வெளியானவுடன் அதை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகவே கொடுக்கும்படி எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் அவர்கள் சேர்ப்பிக்க இருக்கிறார்கள்.