முன்னால் ஒட்டும் டயர், பின்னால் மொட்டை டயர்

போன வாரமும் ஒரு வண்டி டோவிங் லாரியில் வந்து இறங்கியது. ஸ்டேஜ் 2 ரீமேப் (என்ஜின் மென்பொருளை மாற்றிப் பவர் ஏற்றுவது) செய்த முன்சக்கர இழுவை செடான். பைபாஸில் தூறல் நின்ற ஈரச் சாலை, லேசான வளைவு. முன்னால் போன லாரி பிரேக் பிடிக்கவும், ஓட்டியவர் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்திருக்கிறார். அவ்வளவுதான். பின்பக்கம் வெளியே வந்து, வண்டி அரைவட்டம் அடித்து நடுத்தடுப்பில் இடித்து நின்றிருக்கிறது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் இரண்டும் புத்தம்புது செமி ஸ்லிக் (பள்ளம் குறைவான, பந்தயத் தடத்துக்கான ஒட்டும் டயர்). பின்னால் வண்டி வாங்கும்போது வந்த அதே டயர். கேஜ் வைத்துப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தால் வெளி ஓரத்தில் 4 மி.மீ., உள் ஓரத்தில் 2 கூட இல்லை.

மழைக்காலம் வந்துவிட்டால் இதே கதை வேறு வேறு நம்பர் பிளேட்டில் வருகிறது. டயரும் அலைன்மென்ட்டுமே தொழிலாக இருக்கிற எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

"ஏன் முன்னால் மட்டும் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பவர் முன்னாடிதானே அண்ணா போகுது?"

சரி, போகிறது. ஆக்டேவியா விஆர்எஸ் 230 மாதிரி ஒரு வண்டி கம்பெனியிலிருந்தே 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க்கோடு வருகிறது. அதை ரீமேப்பும் செய்துவிட்டால் இரண்டாவது கியரிலேயே முன்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். முன்னால் நல்ல டயர் கேட்பது நியாயம்தான். ஆனால் அது சிக்னலில் கிளம்பும்போது வருகிற பிரச்சினை. காலைக் கொஞ்சம் தூக்கினால் தீர்ந்துவிடும். உயிருக்கு ஆபத்து வருகிற இடம் வேறு.

முன்டயர் வளைவில் பிடிப்பை இழந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். பயத்தில் எவரும் காலை எடுப்பார்கள். எடுத்ததும் எடை முன்னால் சாய்கிறது, வேகமும் குறைகிறது, முன்டயர் மறுபடி பிடிக்கிறது. பழகாத கைக்கும் தப்பிக்க வழி உண்டு. பின்டயர் பிடிப்பை இழந்தால் அப்படியில்லை. ஸ்டியரிங்கில் எந்தத் தகவலும் வராது. பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் போய், ஏற்கெனவே வழுக்குகிற பின்டயர் இன்னும் இலேசாகிறது. நீங்கள் செய்கிற இயல்பான காரியமே வண்டியைச் சுற்றவைக்கிறது.

இந்த நிலையில் முன்டயரை மட்டும் ஒட்டுகிற டயராக மாற்றுகிறீர்கள். வண்டியின் மூக்கு முன்னைவிட வேகமாக உள்ளே திரும்புகிறது, வால் கூடவே வர முடிவதில்லை. ரீமேப் செய்ததால் வளைவுக்கு வந்து சேரும் வேகமும் அதிகம். "ஈஎஸ்பி இருக்கே" என்பீர்கள். ஈஎஸ்பி ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்துத்தான் வண்டியைத் திருப்புகிறது. டயரில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? முன்சக்கர இழுவையோ பின்சக்கர இழுவையோ, இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியது பின்னால். பின்னால் இருந்த ஜோடி நல்லதாக இருந்தால் முன்னால் மாற்றுங்கள்; மொட்டை என்றால் பழைய இரும்புக் கடைக்கு. ஆனால் புது ஜோடியின் ரகம் மற்ற இரண்டின் ரகமாகத்தான் இருக்கவேண்டும். ரகத்தையே மாற்றுகிறீர்கள் என்றால் நான்கும் ஒன்றாக மாறவேண்டும். இதில் பேரம் கிடையாது.

அடுத்தது செமி ஸ்லிக். டோயோ ஆர்888ஆர் போன்றவற்றைக் கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுங்கள், அருமையாக இருக்கும். நானே மாட்டித் தருகிறேன். நாலைந்து சுற்றில் ரப்பர் சூடேறி, கை வைத்தால் ஒட்டும். சூடேறினால்தான் ஒட்டும் என்பதே இங்கே சிக்கல். காந்திபுரத்திலிருந்து அன்னூர் வரை போய் வந்தால் அந்தச் சூடு வராது. "நம்ம ஊர் வெயிலுக்கு ரோடே கொதிக்குதே" என்று வாதாடுவார்கள். வெயில் மேல்தோலைச் சுடவைக்கும். வளைவிலும் பிரேக்கிலும் டயரே நெளிந்து உள்ளிருந்து ஏறுகிற சூடு வேறு. அதோடு நீங்கள் வேகமாக ஓட்ட ஆசைப்படுவது மே மாத மத்தியானத்திலா? சாலை காலியாக இருக்கிற விடியற்காலை ஐந்து மணிக்கு. அப்போது டயரும் குளிர்ந்திருக்கிறது, சாலையும் குளிர்ந்திருக்கிறது.

அப்புறம் ஊட்டி. டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழுகிறது. சாதாரண சம்மர் டயரே 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். செமி ஸ்லிக்கின் நிலை இன்னும் மோசம். உறைநிலையை ஒட்டிய குளிரில் ரப்பர் விரிசல் விடலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அந்தக் குளிரில், பனிமூட்டம் ஈரமாக்கிய கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கும்போதே இந்த டயர்களில் பள்ளம் குறைவு, தண்ணீரை வெளியேற்ற வழியும் குறைவு. பாதி தேய்ந்ததும் மழையில் அது பள்ளமே இல்லாத ஸ்லிக்தான்.

பக்கச்சுவரில் உள்ள எண்களைக் காட்டி என்னிடம் சண்டைக்கே வருகிறார்கள். டிரெட்வேர் எண்ணை (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டுவது) ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துத் தானே பொறிக்கிறது. ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொன்றின் 300-உடன் வைத்துப் பிடிப்பை அளக்க முடியாது. டிராக்‌ஷன் 'ஏஏ' என்பது நேர்கோட்டில், ஈரத்தில், சக்கரம் பூட்டிய நிலையில் பிரேக் பிடிப்பதற்கான மதிப்பெண். வளைவைப் பற்றி அது பேசவே இல்லை. தேதியை மட்டும் விடாமல் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து இந்த ரகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. கிடங்கில் கிடந்து இறுகிய சரக்கும் "இம்போர்ட்டட்" என்று கைமாறுகிறது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல்லாக இருந்தால் வேண்டாம்.

சாலைக்கு என்ன போடுவது? அதிசெயல்திறன் சம்மர் டயர். பைலட் ஸ்போர்ட் 4எஸ், ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பொட்டென்சா ஸ்போர்ட் வரிசை. காய்ந்த சாலையில் உங்கள் ரீமேப்புக்குத் தாராளமாகப் போதும். மழையில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஐரோப்பிய லேபிள் கிடைத்தால் ஈரப்பிடிப்பில் 'ஏ' இருக்கிறதா என்று பாருங்கள்; 'பி'க்குக் கீழே இறங்காதீர்கள். லோடு இண்டெக்ஸும் வேகக் குறியும் கம்பெனி கொடுத்ததற்குக் குறையக்கூடாது. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ, 91 என்றால் 615. குடும்பத்தோடு போகும்போது அந்த 55 கிலோவின் அருமை தெரியும்.

அகலம் பற்றி ஒரு வார்த்தை. 7 அங்குல ரிம்மில் 245 மி.மீ. அகல டயர் மாட்டச் சொல்லி வராதீர்கள், மாட்டமாட்டேன். 245/40 ஆர்17-க்குக் குறைந்தது 8 அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் டயர் மடிந்து, உங்களுக்கு முன்பிருந்த 225-இன் துல்லியமும் போய்விடும். அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கவும் செய்யும்.

காற்று: கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. டிராக்கில் குறைத்து வைக்கிறார்கள் என்று நீங்களும் 24 பிஎஸ்ஐ-க்கு இறக்காதீர்கள். அங்கே சூடேறி அழுத்தம் கூடும் என்று கணக்குப் போட்டுக் குறைக்கிறார்கள். சாலையில் காற்றுக் குறைந்தால் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும்.

தாழ்வாக இறக்கிய வண்டி வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நின்றுகொண்டு பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உள் ஓரத்தில் கையை விட்டுத் தடவுங்கள். பின்டயருக்குக் குனிந்துதான் ஆகவேண்டும். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) கெட்டிருக்கிறது. புது டயர் போட்ட அன்றே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வாருங்கள், கேஜ் வைத்து நான்கையும் பார்த்துத் தருகிறேன். சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது, இவ்வளவு பவர் உள்ள வண்டிக்கு 3-க்கு வந்ததும் மாற்றிவிடச் சொல்வேன்.

மாற்றியதும் அன்றைக்கே மிதித்துப் பார்க்காதீர்கள். அச்சிலிருந்து வந்த வழவழப்பு மேல்ரப்பரில் இருக்கும். அது தேய முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், ஈரத்தில் இன்னும் கவனமாக.