சிங்கோபி: மயக்கமா, மூர்ச்சையா?

மருத்துவக் குறிப்பேடுகளில் அடிக்கடி தென்படும் சொல் சிங்கோபி. மூளைக்குச் செல்லும் இரத்தம் சட்டென்று குறைந்து, நினைவு தப்பி, உடல் தளர்ந்து விழுந்து, சிறிது நேரத்தில் தானாகவே தெளிவதை அது குறிக்கும். இரத்த ஓட்டம் ஆறு முதல் எட்டு நொடிகள் நின்றாலே போதும், நினைவு தப்பிவிடும். தானாகத் தெளிய வேண்டும் என்பது இந்த வரையறையின் உயிர்நாடி. தெளியாவிட்டால் அதற்கு வேறு பெயர், வேறு குறியீடு (நோய்களை வகைப்படுத்தத் தரப்படும் எண்).

சொல்லின் வேர் கிரேக்கம். 'சின்' என்றால் சேர்த்து, 'கோப்டெய்ன்' என்றால் வெட்டுதல். இரண்டும் கூடி 'வெட்டிக் குறைத்தல்' என்ற பொருள் தருகின்றன. மேலைநாட்டு இலக்கணத்தில் சொல்லின் நடுவே ஓர் ஒலி உதிர்வதற்கும் இதே பெயர்தான். 'ஓந்தி' 'ஓதி' ஆவதை நம் இலக்கணம் இடைக்குறை என்கிறதே, அதேதான். நினைவோட்டத்தின் நடுவே ஒரு துண்டு காணாமல் போவதால் நோய்க்கும் பெயர் பொருந்திவிடுகிறது.

தமிழில் இதற்கு உடனே வாயில் வருவது 'மயக்கம்'. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மயங்குதல் என்றால் கலத்தல் என்றும் பொருள். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேரும் மெய்ம்மயக்கம், ஒரு திணைக்குரியது இன்னொன்றில் கலக்கும் திணைமயக்கம் எல்லாம் அந்த வழி வந்தவை. இன்றோ தலைச்சுற்றல், போதை, அறுவைக்கு முன் தரும் மருந்தின் விளைவு, காதல் என எல்லாவற்றுக்கும் மயக்கம் என்றே சொல்கிறோம். பேச்சுக்கு அது வளம். நோய்க்குறியீடு எழுதுபவருக்குத் தலைவலி.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்த நோய் வகைப்பாட்டில் மயங்கி விழுதலுக்குரிய எண் ஆர் 55. வெறும் தலைச்சுற்றல், கிறுகிறுப்பு என்றால் ஆர் 42. நினைவற்றே கிடந்தால் ஆர் 40 தொகுதி. 'மயக்கம்' என்ற ஒரே சொல் இந்த மூன்றில் எதற்கும் போகலாம். 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் மயங்கி விழுதலின் எண் எம்ஜி 45 என மாறியிருக்கிறது.

ஆர் எழுத்தில் தொடங்குபவை அறிகுறிகளுக்கான குறியீடுகள். காரணம் தெரிந்துவிட்டால் ஆர் 55-ஐ விட்டுவிட்டு அந்தக் காரணத்துக்கே குறியிட வேண்டும். எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்குவதுதான் காரணம் என்று உறுதியானால் ஐ 95.1, வெயில் தாக்கி விழுந்தால் டி (T) 67.1. காரணம் கண்டறிந்த பிறகும் பழக்கத்தில் ஆர் 55-ஐயே எழுதி வைப்பது சோம்பல் அன்றி வேறில்லை.

சிங்கோபிக்கு என் தேர்வு 'மூர்ச்சை'. உறைதல், கெட்டிப்படுதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. தமிழில் வேரூன்றிப் பல காலம் ஆயிற்று. தனித்தமிழே வேண்டும் என்பவர்கள் 'உணர்விழப்பு' என்பார்கள். ஆனால் அது நீண்ட நினைவின்மைக்கும், ஏன், தோல் மரத்துப்போவதற்கும்கூடப் பொருந்திவிடும். 'மூர்ச்சை தெளிந்தது' என்ற வழக்கிலோ, விழுந்தவர் எழுந்துவிடுவார் என்பதும் அடங்கியிருக்கிறது.

மூர்ச்சையின் விளிம்புவரை போய்த் திரும்புவதற்கு 'முன்மூர்ச்சை' எனலாம். கண் இருட்டும், காது அடைக்கும், வியர்க்கும், நினைவு மட்டும் தப்பாது. அமெரிக்கா கையாளும் பத்தாம் திருத்தப் பதிப்பின் அகரவரிசைப் பட்டியல் இதையும் ஆர் 55-இலேயே சேர்க்கிறது. விழுந்தவரும் விழாதவரும் ஒரே எண்ணில் வருவதால், வேறுபாட்டைக் குறிப்புதான் சொல்ல வேண்டும். 'மயக்கம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், 'எழுந்து நின்றதும் கண் இருட்டியது, சுவரைப் பிடித்து உட்கார்ந்தார், நினைவு தப்பவில்லை' என்று எழுதினால் குறியீட்டாளர் ஊகிக்க வேண்டியதில்லை.