பழைய கமாரோவுக்கு எந்த இன்ஜின்? முதலில் பிளாக்கில் உள்ள எண்ணைப் படியுங்கள்

1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை செவர்லே கமாரோவை வாங்குபவர்கள் பலர், கார் வந்து இறங்கியதுமே புது இன்ஜின்களின் விலைப்பட்டியலைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். பழைய இன்ஜின் புகைகிறது, ஆயில் ஒழுகுகிறது, இடத்தையும் அடைக்கிறது. யாராவது கேட்டால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாக்கை, அதாவது இன்ஜினின் வார்ப்பு உடலை, இப்படி இழந்தால் காரின் மதிப்பில் பெரும்பங்கு அதோடு போய்விடும். பிறகு எத்தனை டாலர் செலவழித்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒரு துணியும் கொஞ்சம் கரைப்பானும் எடுத்துக்கொள்ளுங்கள். காரின் வலப்பக்கம், அதாவது அமெரிக்காவில் பயணி உட்காரும் பக்கம், எட்டு சிலிண்டர் இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டின் முன்முனையை ஒட்டி பிளாக்கில் ஒரு சிறிய தட்டை மேடை இருக்கும். அங்கே இன்ஜின் ஆலையின் எழுத்து, பூட்டிய மாதம், தேதி, பிறகு இன்ஜின் வகைக்குரிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக ‘வி 0315 டிஇசட்’ என்றால் ஃபிளின்ட் ஆலையில் மார்ச் 15 அன்று பூட்டிய, 1969 இசட்/28 என்ற உயர்திறன் கமாரோவுக்கு உரிய 302 கன அங்குல இன்ஜின். 1968 முதல் கார் எண்ணின் (தொழிற்சாலை தந்த விஐஎன், பதிவு எண் அல்ல) சுருக்கமும் பிளாக்கில் பொறிக்கப்பட்டது. 1969இல் சில பிளாக்குகளில் அது ஆயில் ஃபில்டருக்கு மேலே இருக்கும். அழுக்கைத் துடைத்தால்தான் தெரியும். முன்கண்ணாடி வழியாகத் தெரியும் டேஷ்போர்டுத் தகட்டு எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களும் இதுவும் ஒன்றாக இருந்தால் அது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின். பிளாக்கின் பின்பக்கம் உள்ள வார்ப்புத் தேதி, பூட்டிய தேதி, கார் தயாரான காலம் ஆகிய மூன்றும் இதே வரிசையில் வருகின்றனவா என்றும் பாருங்கள்.

போலிப் பொறிப்புகளும் உண்டு. தொழிற்சாலை இயந்திரம் அந்த மேடையில் முன்னிருந்து பின்னாக நேர்கோடுகளை விட்டிருக்கும். அவை இல்லாமல் வளைந்த கீறல்களோ பளபளப்போ தெரிந்தால் யாரோ சீவிவிட்டு மறுபடி பொறித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். 1969 கார் எண் தெரிவிப்பது ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பதை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு எஸ்எஸ், இசட்/28 போன்ற உயர்திறன் வகை என்று எவரும் உறுதி கூற முடியாது. அதனால்தான் பிளாக்குக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

அசல் பிளாக்தான் என்று உறுதியானால் லேத் பட்டறையில் கொடுக்கும்போது ‘பொறிப்பு மேடையைத் தொடக் கூடாது’ என்று எழுதியே கொடுங்கள். பிளாக்கின் மேற்பரப்பை வழக்கம்போல் சீவினால் எண்கள் மொத்தமும் அழிந்துவிடும். இது நாங்கள் அடிக்கடி பார்க்கும் நஷ்டம், ஒரே ஒரு வாக்கியத்தில் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம். பிளாக்கில் விரிசலே இருந்தாலும் விற்காதீர்கள். எண்ணெய் பூசி, பாலித்தீனில் சுற்றி வைத்துவிட்டு ஓட்டுவதற்கு வேறு இன்ஜின் போடுங்கள்.

அசல் பிளாக் ஏற்கெனவே போய்விட்ட கார் என்றால் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம். ஆனால் எந்த இன்ஜினைத் தேர்ந்தாலும் குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1971 வரை விளம்பரத்தில் வந்தவை பெரும்பாலும் மொத்தத் திறன் கணக்கு: ஏர் ஃபில்டரும் காரின் சைலன்சரும் இல்லாமல் சோதனை மேடையில் அளந்தவை. 1972 முதல் நிகர அளவு வந்தது. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் இரண்டையும் வெளியிட்டது. அதில் ஒரே 350 கன அங்குல இன்ஜினுக்கு மொத்தம் 270, நிகரம் 210. இன்றைய இன்ஜினின் நிகர எண்ணையும் அன்றைய மொத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு.

சாலையில் ஓட்டி மகிழ மட்டும் கார் வேண்டும் என்பவருக்கு நாங்கள் முதலில் சொல்வது செவர்லேயின் ‘சிறிய பிளாக்’ வகை எட்டு சிலிண்டர் இன்ஜினான 350தான். 4.00 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 3.48 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). 1967இல் கமாரோவில்தான் இது அறிமுகமானது. மவுண்ட், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாமே ஏற்கெனவே பொருந்துபவை. இருந்தாலும் 350 எல்லாம் ஒன்றல்ல. 1985 வரை பின்புற கிராங் சீல் இரண்டு துண்டு. 1986 முதல் ஒற்றைத் துண்டு, ஃபிளைவீலும் வேறு. 1980க்கு முந்தையவற்றில் ஆயில் அளவுக்குச்சி ஓட்டுநர் பக்கம், பிறகு மறுபக்கம். 1967, 1968 கமாரோவில் வாட்டர் பம்ப் குட்டை, 1969இல் நீளம். கலந்து வைத்தால் பெல்ட் நேர்கோட்டில் ஓடாது. சில பின்னாள் பிளாக்குகளில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்புக்கோ, கிளட்ச் இணைப்பின் குண்டுக்கோ துளை இருக்காது. வாங்குமுன் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.

வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பூட்டிய இன்ஜின்கள் அதிகம் சாவது இங்கேதான். 1987க்கு முந்தைய 350களில் கேமின் மேட்டில் உரசி வால்வைத் தள்ளும் லிஃப்டர் தட்டையானது. இன்றைய சாதாரணக் கார் ஆயிலில் துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் குறைக்கப்பட்டுவிட்டன. அதை ஊற்றினால் கேமின் மேடுகள் சில மணி நேரத்திலேயே தேய்ந்து, இரும்புத்தூள் பேரிங் முழுவதும் பரவிவிடும். துத்தநாகம் அதிகமுள்ள, புது இன்ஜினை முதலில் ஓட்டுவதற்கான பிரேக்-இன் ஆயில் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றி, ராக்கர் வரை ஆயில் ஏறுவதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். உயிர் வந்தவுடன் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட விட வேண்டும். இரட்டை வால்வ் ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கை அந்த ஓட்டம் முடியும்வரை கழற்றி வையுங்கள். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ரோலர் கேம் (லிஃப்டரில் உருளும் சக்கரம்) உள்ள பின்னாள் பிளாக்கை எடுங்கள். கூடுதல் விலைக்கு அது தகும்.

அந்தக் கால இசட்/28இன் அழுத்த விகிதம் 11:1. இன்றைய பம்ப் பெட்ரோலில் இரும்பு ஹெட்டுக்கு 9.5:1க்கு மேல் போகாதீர்கள். மேலே போனால் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையும். 1971க்கு முந்தைய ஹெட்டைப் பிரித்தால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய வால்வ் சீட் போட்டுவிடுங்கள். கார்புரேட்டரில் பேராசை வேண்டாம்: 350 கன அங்குலத்தை 5500 ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் 557 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி காற்று). நல்ல தெரு இன்ஜின் அதில் சுமார் 85 சதவீதம்தான் இழுக்கும். 600 போதும். 850 வாங்கிப் பூட்டிவிட்டு ஐடிலில் திணறுகிறது என்று இன்ஜினைக் குறை சொல்லக் கூடாது.

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை நவீன எட்டு சிலிண்டர் இன்ஜின் வேறு உலகம். 1997 கார்வெட்டில் அலுமினிய எல்எஸ்1 வந்தது. 1999 முதல் டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக் பழைய வாகனச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. குளிரிலும் வெயிலிலும் சாவியைத் திருப்பியதும் ஓடும். ஆனால் இன்ஜினின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். டிரக் ஆயில் பான் ஆழம் அதிகம், கீழே தொங்கும். மாற்று பான் வேண்டும். டிரக்கின் ஏசி கம்ப்ரஸர் வலப்பக்கம் தாழ்வாக இருப்பதால் கமாரோவின் ஃபிரேமில் இடிக்கும். பழைய கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ போதும், இதற்குப் பெட்ரோல் அழுத்தம் 58 பிஎஸ்ஐ வேண்டும். அதனால் டாங்குக்குள் மின்பம்ப்பும் அந்த அழுத்தம் தாங்கும் குழாய்களும் புதிதாகத் தேவை. ஹெட்டுகளிலிருந்து வரும் ஆவிக்குழாயை ரேடியேட்டரோடு இணைக்காமல் அடைத்துவிட்டால் உள்ளே ஆவி தங்கிச் சூடேறும். வயரிங், கம்ப்யூட்டர், மவுண்ட் தகடு எல்லாம் இதற்கு மேல். 2005க்குப் பிறகு வந்த பல 5.3களில் பாதி சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் லிஃப்டர்கள் உண்டு. அவை அமுங்கினால் கேமைத் தின்றுவிடும். அப்படிப்பட்டதை வாங்கினால் லிஃப்டரும் கேமும் மாற்றும் செலவைச் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

396, 427, 454 போன்ற பெரிய பிளாக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சிறிய பிளாக்கைவிடச் சுமார் 50 கிலோ கூடுதல், அத்தனையும் முன் சக்கரத்தின் மேல். முன் ஸ்பிரிங், ரேடியேட்டர், பிரேக் மூன்றையும் மாற்றாமல் அதை இறக்கினால் கார் வளைவில் நேராகப் போகும். 1969இல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் அடிப்படை. முன்னால் டிஸ்க் போடும்வரை எந்தப் பெரிய இன்ஜினையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இன்ஜினுக்குப் பின்னால் இருப்பதையும் கணக்கில் எடுங்கள். 3.73 விகிதப் பின் அச்சு, 27 அங்குல டயர், 1:1 டாப் கியர் என்றால் 70 மைல் வேகத்தில் சுமார் 3250 ஆர்பிஎம். நீண்ட பயணத்துக்கு அது காதையும் பெட்ரோலையும் வருத்தும். 0.70 ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டால் அதே வேகத்தில் 2275. சாதாரணக் கமாரோவின் பத்து போல்ட் அச்சு மிதமான 350க்குச் சரி. முறுக்கு விசை கூடினால் பன்னிரண்டு போல்ட் தேட வேண்டும், அதன் விலையையும் இப்போதே பட்டியலில் எழுதுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் இன்ஜின் அறைக்குப் பெயின்ட் அடிக்குமுன், வெறும் பிளாக்கையும் ஹெட்டையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாய் ஸ்டீயரிங் பெட்டியில் இடிக்கிறதா, ஆயில் பான் கிராஸ்மெம்பரிலிருந்து விலகி நிற்கிறதா, ஏர் ஃபில்டரின் மேல் பானெட் மூடுகிறதா என்று பாருங்கள். பானெட்டை அளக்க ஃபில்டர் மூடியின் மேல் களிமண் உருண்டை வைத்து மெல்ல மூடித் திறந்தால் போதும். நசுங்கிய களிமண்ணின் தடிமன் அரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் மேனிஃபோல்டையோ ஃபில்டரையோ மாற்றிவிட்டுப் பிறகு பெயின்ட் அடியுங்கள்.