கொரோனா நொதியின் வடிவத்தைக் கண்டுபிடித்தது எப்படி?

கொரோனா வைரஸின் புரதங்கள் பல, முதலில் நீண்ட சங்கிலிகளாகவே உருவாகின்றன. அவற்றைப் பெரும்பாலும் வெட்டிப் பிரிப்பது முதன்மைப் புரோட்டியேஸ் என்ற நொதி. 306 அமினோ அமிலங்கள் கொண்ட இது ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஷாங்காயில் ஸிஹே ராவ், ஹைடாவோ யாங் குழுவினர் இதன் வடிவத்தை 2.1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் கண்டறிந்து, 2020 பிப்ரவரியிலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

இதற்கு உயிருள்ள வைரஸ் வேண்டாம். நொதிக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் செலுத்தினால் போதும். ஆனால் நொதியின் முன்முனையில் கூடுதலாக ஓரிரு அமினோ அமிலங்கள் ஒட்டியிருந்தாலும் சிக்கல்தான். அந்த முனைதான் ஜோடியின் வெட்டும் குழியைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் அந்தக் கூடுதல் பகுதியை நொதியே வெட்டிக்கொள்ளும்படி மரபணுவை வடிவமைப்பார்கள்.

அடுத்து படிகம். நொதி மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நின்றால்தான் எக்ஸ் கதிரால் அவற்றின் வடிவத்தைப் படிக்க முடியும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் செறிவுள்ள புரதக் கரைசலில் 1 மைக்ரோலிட்டர், பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் 1 மைக்ரோலிட்டர். இந்தக் கலவைத் துளியைக் கண்ணாடி வில்லையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, அடியில் அதே கிளைக்கால் கரைசலை வைத்து மூடுவார்கள். துளியிலுள்ள நீர் மெல்ல ஆவியாகிக் கீழே சேரும். புரதம் அடர்ந்து படிகமாகும். அவசரமாக அடர்ந்தால் பழுப்பு வண்டல்தான் மிஞ்சும். ஊசி ஊசியாக வந்தால், அவற்றையே நொறுக்கிப் புதிய துளிகளில் விதையாக இடலாம்.

கிடைத்த படிகத்தைக் கிளிசரால் கலந்த கரைசலில் முக்கி, திரவ நைட்ரஜனில் உறையவைப்பார்கள். கிளிசரால் குறைந்தால் பனிக்கட்டி உருவாகி, பதிவுகளில் வளையங்கள் விழும். பிறகு சிங்க்ரோட்ரான் என்ற எலக்ட்ரான் முடுக்கி தரும் வலுவான எக்ஸ் கதிரில் படிகத்தைச் சுழற்றி, சிதறும் புள்ளிகளைப் பதிவு செய்வார்கள்.

புள்ளியின் பிரகாசம் பதிவாகும். அலையின் கட்டம், அதாவது அதன் முகடும் பள்ளமும் எங்கே வருகின்றன என்பது, பதிவாகாது. கட்டம் இல்லாமல், அணுக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் வராது. நல்லவேளையாக, 2003 சார்ஸ் வைரஸின் இதே நொதி 96% ஒத்திருந்தது. அதன் வடிவத்திலிருந்து தொடக்கக் கட்டங்களைப் பெறலாம். ஆனால் கடன் வாங்கிய வடிவம் வரைபடத்தில் தன் சாயலைப் பதித்துவிடும். நொதியில் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சேர்த்த மருந்து மூலக்கூறு, ஒட்டாதபோதும் ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். ஆகவே வரைபடத்தில் பொருத்தும் அணு மாதிரியில் மருந்தைச் சேர்ப்பதற்கு முன்பே அதன் அடர்த்தி தெரிகிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. மாதிரியைத் திருத்தும்போது சுமார் 5% புள்ளிகளைச் சேர்க்காமல் ஒதுக்கி, கடைசி வரை அவற்றோடு ஒப்பிடவும் வேண்டும்.

2.1 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜன் தெரியாது. ஆனால் நொதிச் சங்கிலியின் 145ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனின் கந்தகம், நொதியை முடக்கும் என்3 என்ற தடுப்பானோடு பிணைந்திருந்தது தெளிவாகவே தெரிந்தது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையில் உள்ள நிர்மாட்ரெல்விர் என்ற மருந்தும் இதே கந்தகத்தைத்தான் பற்றுகிறது.