ரீகாம்பினன்ட்: மறுசேர்க்கையா, ஒட்டா?

சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டியே கை காய்த்துப்போனவர் என் பெரியப்பா. இன்சுலின் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, "ஆர்-டிஎன்ஏ ஒரிஜின்னு போட்டிருக்கே, என்னப்பா அது?" என்றார்.

அந்த 'ஆர்'தான் ரீகாம்பினன்ட். லத்தீனில் 'பீனி' என்றால் இரண்டிரண்டாக. முன்னால் 'கோம்' வந்தால் இணை சேர்ப்பது, 'ரீ'யும் வந்தால் புதிதாக இணை சேர்ப்பது. நம் பாடநூல்காரர்கள் அந்த 'ரீ'யைப் பிடித்துக்கொண்டு 'மறுசேர்க்கை', 'மறுகூட்டிணைவு' என்று ஆக்கிவிட்டார்கள். முதலாவது, டிசி வாங்கிப் போன பையன் திரும்பி வந்ததுபோல இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் பிளஸ் டூ மறுகூட்டல்தான் ஞாபகம் வருகிறது.

நடக்கும் வேலை இதுதான். பாக்டீரியாவில் உள்ள வளைய டிஎன்ஏவை ஒரு நொதியால் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் மனித இன்சுலினுக்கான மரபணுவை வைத்து, இன்னொரு நொதியால் ஒட்டுகிறார்கள். வளையத்தை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்திவிட்டால், அது பெருகப் பெருக ஒட்டிய துண்டும் பெருகும், இன்சுலினும் உண்டாகும். 1978இல் ஜெனன்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் இப்படிச் செய்து காட்டியது. 1982இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதுவரை பன்றி, மாட்டுக் கணையம்தான் கதி. மனித இன்சுலினின் 51 அமினோ அமிலங்களில் பன்றியினது ஒன்றில் மாறும், மாட்டினது மூன்றில்.

"அப்ப ஒட்டுன்னு சொல்லு" என்றார் பெரியப்பா. உடனே அவரே மடக்கினார்: "ஒட்டு மாங்கொட்டையைப் போட்டா ஒட்டுக் கன்னு வராதே?"

சரியான கேள்வி. அடியில் நாட்டுக் கன்று, மேலே செந்தூரா. சாறுதான் ஏறும், மரபணு கலக்காது. பாக்டீரியாவில் ஒட்டோ தலைமுறை தலைமுறையாகப் போகும். ஆகவே வெறும் 'ஒட்டு' போதாது, 'ஒட்டு மரபணு' என்பேன். (மரபு பழைய சொல், தொல்காப்பியத்தில் 'மரபியல்' என்றே ஓர் இயல் உண்டு. அங்கே பேச்சு குட்டி, கன்று என்ற பெயர்களைப் பற்றி. இன்றைய மரபியல் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது.)

"அந்தக் கிருமி ஊசில வருமா?"

"வராது பெரியப்பா. சுத்திகரிச்சு இன்சுலினை மட்டும்தான் எடுக்கறாங்க."

வீட்டில் 'ஒட்டு மரபணு இன்சுலின்' என்று சொல்லிப் பாருங்கள், புரியும். பரீட்சையில் மட்டும் பாடநூல் சொல்லையே எழுதுங்கள். இல்லாவிட்டால் நிஜமாகவே மறுகூட்டலுக்குப் போட வேண்டியிருக்கும்.