எறும்புக் குப்பைல மேயுற ஈயும் அது தூக்கிட்டுப் போற வைரஸும்

ரெண்டு எறும்புக் காலனி பாத்துக்கிட்டா சண்டைதான் போடும், அப்புறம் எப்படி ஒரே வைரஸ் ரெண்டுலயும் இருக்குன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். சண்டையிலயும் கொஞ்சம் தொத்தலாம், அதை விடுங்க, எனக்குப் பிடிச்சது குப்பை வழி.

செத்த எறும்போட உடம்புல ஒலீயிக் அமிலம் மாதிரி கொழுப்பு அமிலங்கள் சேரும், அந்த வாசனை வந்ததும் மத்ததுங்க தூக்கிட்டுப் போய் குப்பை மேட்டுல போட்டுடும். (1958ல எறும்பு ஆராய்ச்சியாளர் வில்சனோட குழு எழுதின விஷயம் இது. அமிலத்தைத் தடவினா உயிரோட காலை உதறிட்டு இருக்குற எறும்பையும் கொண்டு போய்ப் போட்டுடுமாம்!) கூடு சுத்தமாயிடுச்சு, ஆனா மேட்டுல வைரஸ் குவிஞ்சு கிடக்கு. அங்க ஈ, வண்டு, கரப்பான்னு ஒரு கூட்டம் மேய வரும். கால்லயும் குடல்லயும் வைரஸோட அதுல ஒரு ஈ இன்னொரு காலனி பக்கம் போய் மாட்டினா, அந்த எறும்புங்க அதை இரையா உள்ள இழுத்துட்டுப் போயிடும்.

இனிமேதான் விஷயமே. வளர்ந்த எறும்பால திட உணவை முழுங்க முடியாது, இடுப்பு அவ்ளோ ஒல்லி. வாய்க்குள்ள ஒரு குட்டிப் பை இருக்கு, துகளெல்லாம் வடிகட்டி அங்க நின்னுடும், சாறு மட்டும் உள்ள போகும். அப்போ ஈயோட கறியை யாரு தின்னுறது? குழந்தைங்கதான்! நெருப்பெறும்புல கடைசிப் பருவ லார்வாவோட, அதாவது புழுப் பருவக் குஞ்சோட, வாய்க்குக் கீழ, நெஞ்சு மேல துண்டை வைப்பாங்க, அது எச்சில் விட்டுக் கரைக்கும், கரைஞ்ச சாறு வேலைக்கார எறும்புங்க வழியா வாய்க்கு வாய் மாறி ராணி வரைக்கும் போகும். வடிகட்டில பூஞ்சை விதை மாட்டிக்கும், ஆனா நெருப்பெறும்பு வைரஸ் சுமார் 30 நானோமீட்டர்தான், அதுக்கெல்லாம் இந்த வடிகட்டி ஒரு தடையே இல்ல.

நெருப்பெறும்போட முதல் வைரஸ் அமெரிக்காவுல 2004ல அறிவிச்சாங்க, எறும்பை ஒழிக்க உதவுமான்னு ஆராய்ஞ்சாங்க. ஒழிக்கிற ஆராய்ச்சின்னா நிதி வரும், குப்பைல மேயுற ஈயை எண்ணப் போறேன்னு சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. எனக்கு இதுல கோவம்தான்.

இன்னொண்ணு. ஈயோட உடம்புல வைரஸ் இருக்குன்னு பிசிஆர் டெஸ்ட் சொன்னா ஈக்கே தொற்றுன்னு அர்த்தமில்ல, தின்னது குடல்ல கிடக்கலாம். இந்த வைரஸோட ஆர்என்ஏ (அதோட மரபுப் பொருள்) பிளஸ் இழை, செல்லுக்குள்ள பெருகும்போதுதான் அதுக்கு எதிர்ப் பிரதியா மைனஸ் இழை உருவாகும், அதனால மைனஸ் இழையைத் தேடணும். அது இல்லேன்னா ஈ வெறும் கூரியர், குடல் காலியானா சரக்கும் தீந்துடும். இருந்துச்சுன்னா ஈயே வைரஸ் தயாரிக்குது, போற இடமெல்லாம் புதுசு புதுசா.